விதைச் சாறும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவும்: சோதனை பிசகும்போது எங்கே பார்ப்பது

கருஞ்சீரகம், நாவல் கொட்டை, முருங்கை விதை, பப்பாளி விதை ஆகியவற்றுள் ஒன்றையேனும் எடுத்துக்கொண்டு ஒரு முதுகலை மாணவர் வந்து நிற்காத ஆண்டு எனக்கு நினைவில்லை. விதையைப் பொடித்து, மெத்தனாலிலோ நீரிலோ ஊறவைத்து, வடித்து உலர்த்தி, எம்.ஆர்.எஸ்.ஏ. (மெத்திசிலின் மருந்துக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்) போன்ற எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியாவின் மீது வைத்துப் பார்ப்பது என்பது சொல்லும்போது எளிய சோதனையாகத்தான் இருக்கிறது. எத்தனை இடங்களில் அது வழுக்கும் என்பது செய்யும்போதுதான் தெரிகிறது. என் மேசையிலும் மாணவர்களின் மேசைகளிலும் கண்ட கோளாறுகளை அவற்றின் அறிகுறிகளை வைத்தே கீழே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எந்த அறிகுறி தென்படுகிறதோ அந்தப் பகுதிக்கு நேரே செல்லலாம். முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

சாற்றையோ மருந்தையோ வைத்த இடத்தைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிந்து நிற்கும் வட்டத்தையே வளையம் என்கிறோம். அது வராவிட்டால் எல்லாரும் கவலைப்படுகிறார்கள். வளையம் வந்துவிட்டால் யாரும் சந்தேகப்படுவதில்லை. நான் பார்த்த வரையில் ஆளை அதிகம் ஏமாற்றுவது வந்த வளையமே. ஆகவே அதற்குக் கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறேன். நோயாளிகளிடமிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புத்திறன் கிருமிகளை இரண்டாம் நிலை உயிரியல் பாதுகாப்பு வசதி உள்ள ஆய்வகத்தில், பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் மட்டுமே கையாள வேண்டும் என்பதைத் தனியே வலியுறுத்தத் தேவையில்லை என்று நம்புகிறேன்.

அறிகுறி: ஆண்டிபயாட்டிக் டிஸ்க்கின் வளையமே அளவில் இல்லை

சாற்றை நோக்குவதற்கு முன், விடை முன்கூட்டியே தெரிந்த ஒன்றை நோக்குங்கள். ஒப்பீட்டுக்கென்றே ஏ.டி.சி.சி. சேமிப்பகம் எண்ணிட்டுத் தரும் கிருமிகளில், ஈ.கோலை ஏ.டி.சி.சி. 25922 மீது 10 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் ஏற்றிய தாள்வட்டு (டிஸ்க்) 19 முதல் 26 மி.மீ. வரையிலான வளையத்தையும், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஏ.டி.சி.சி. 25923 மீது 30 மைக்ரோகிராம் செஃபாக்சிடின் டிஸ்க் 23 முதல் 29 மி.மீ. வரையிலான வளையத்தையும் தர வேண்டும். இந்த எல்லைகளுக்கு வெளியே போனால் அன்றைய பிளேட்டுகளில் சாறு காட்டிய எந்த எண்ணையும் குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள்.

வளையங்கள் எல்லாமே பெரிதாக இருந்தால், பாக்டீரியாவை வளர்க்கும் கூழான அகார் மெலிந்திருக்கிறது, அல்லது தூவிய பாக்டீரியா குறைவு. எல்லாமே சிறிதாக இருந்தால் அகார் தடித்திருக்கிறது, பாக்டீரியா மிகுதி, அல்லது டிஸ்க் பழையது. முல்லர்-ஹின்டன் அகாரின் தடிமன் 4 மி.மீ. இருக்க வேண்டும், 90 மி.மீ. பிளேட்டுக்கு அது ஏறத்தாழ 25 மி.லி. ஆகும். கண்ணளவில் ஊற்றாமல் அளந்து ஊற்றுங்கள். ஊடகத்தின் பி.எச். 7.2-க்கும் 7.4-க்கும் இடையில் இருக்க வேண்டும். கையிருப்பில் இருக்கிறது என்பதற்காக நியூட்ரியன்ட் அகாரில் செய்துவிட்டு முல்லர்-ஹின்டனுக்கு வகுத்த எல்லைகளோடு ஒப்பிடுவது வேறு ஊர் அளவுகோலால் துணி அளப்பது போன்றது.

பாக்டீரியாக் கலங்கல் 0.5 மெக்ஃபார்லண்ட் அளவில், அதாவது மி.லி.க்கு 10 முதல் 20 கோடி உயிரணுக்கள் என்ற அளவில் இருக்க வேண்டும். 1.175 சதவீத பேரியம் குளோரைடு 0.05 மி.லி.யை 1 சதவீதக் கந்தக அமிலம் 9.95 மி.லி.யுடன் சேர்த்து அதற்கான ஒப்பீட்டுக் குழாயை ஆய்வகத்திலேயே செய்துகொள்ளலாம். ஆனால் 625 நானோமீட்டரில் அது 0.08 முதல் 0.13 வரை காட்டுகிறதா என்று ஒளிமானியில் சரிபாருங்கள். கலங்கலைத் தயாரித்த 15 நிமிடங்களுக்குள் ஸ்வாப்பால் பூசிவிட வேண்டும். இருபது பிளேட்டுகளுக்கு ஒரே குழாயைத் தயாரித்து வைத்துவிட்டு, சாறு ஊற்ற அகாரில் குழி வெட்ட உட்கார்ந்தால், கடைசிப் பிளேட்டில் பூசப்படுவது முதல் பிளேட்டில் பூசிய அடர்த்தியாக இருக்காது.

அறிகுறி: எதிர்ப்புத்திறன் உண்டென்று வாங்கிய கிருமி மருந்துக்கு அடங்கிவிடுகிறது

எம்.ஆர்.எஸ்.ஏ. என்று எழுதி ஒட்டிய குழாயில் எம்.ஆர்.எஸ்.ஏ. இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 30 மைக்ரோகிராம் செஃபாக்சிடின் டிஸ்க் வைத்து 21 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக வளையம் வந்தால்தான் அது எம்.ஆர்.எஸ்.ஏ.; 22 மி.மீ.யைத் தொட்டாலே இல்லை. ஏ.டி.சி.சி. 43300 கிருமியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நல்லது. இன்குபேட்டரின் சூடு 35 °செ.-ஐத் தாண்டினால் மெத்திசிலின் எதிர்ப்பு வெளிப்படாமல் போகக்கூடும். 37-இல் வைத்துப் பழகிய கைகளுக்கு இது ஒவ்வாமல்தான் இருக்கும்; ஆனால் கோளாறு பல நேரங்களில் அந்த இரண்டு பாகைகளில்தான் ஒளிந்திருக்கிறது.

கிளெப்சியெல்லா, ஈ.கோலை போன்றவற்றில் செஃபோடாக்சிம் போன்ற மருந்துகளை உடைக்கும் இ.எஸ்.பி.எல். நொதிகளுக்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் எனும் தனி டி.என்.ஏ. வளையத்தில் உட்கார்ந்திருக்கிறது. மருந்து இல்லாத ஊடகத்தில் வாரந்தோறும் மாற்றி மாற்றி வளர்த்தால் பாக்டீரியா அந்தச் சுமையை இறக்கி வைத்துவிடலாம். செஃபோடாக்சிம் டிஸ்க்கையும், கிளாவுலனிக் அமிலம் சேர்த்த செஃபோடாக்சிம் டிஸ்க்கையும் அருகருகே வைத்து, இரண்டாவதன் வளையம் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனைக்கு கிளெப்சியெல்லா ஏ.டி.சி.சி. 700603 நல்ல சாட்சி. கிருமி கைக்கு வந்த நாளிலேயே 15 முதல் 20 சதவீதக் கிளிசராலில் பல குழாய்களாகப் பிரித்து −80 °செ.-இல் வைத்துவிட்டு, ஒவ்வொரு சோதனைக்கும் அங்கிருந்து புதிதாக எடுப்பதே சரி. சாய்வு அகாரில் ஆறு மாதம் உயிரோடு வைத்திருந்த கிருமியை வைத்து, சாறு எதிர்ப்புத்திறனை வென்றதாக எழுதிய ஓர் ஆய்வேட்டைத் திருத்த நேர்ந்தபோது, வென்றது சாறா மறதியா என்று கேட்டு எழுதினேன்.

அறிகுறி: எந்தக் கிருமியின் மீதும் வளையமே இல்லை

இதற்கு நான்கு காரணங்கள் உண்டு. சாற்றில் சரக்கில்லை என்பது அவற்றுள் கடைசியாகக் கருத வேண்டியது.

முதலில் பரவலைச் சந்தேகியுங்கள். அகாரில் வளையம் தோன்ற வேண்டுமானால் மருந்துப்பொருள் நீர் நிறைந்த கூழின் ஊடே நகர வேண்டும். கருஞ்சீரகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய். அந்த எண்ணெய் குழியை விட்டு அசையாது. நாவல் கொட்டையின் டானின்கள் பெரிய மூலக்கூறுகள். அவை ஊடகத்தின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு குழியின் விளிம்பிலேயே தங்கிவிடும். ஆகவே வளையம் இல்லை என்பது செயல் இல்லை என்பதற்குச் சான்றாகாது. அதே சாற்றைத் திரவ ஊடகத்தில், 96 குழி மைக்ரோபிளேட்டில் நீர்த்துப் பாருங்கள். அகாரில் ஒன்றும் காட்டாத எண்ணெய்ச் சாறு அங்கே நன்றாகவே வேலை செய்வதைக் காண நேரலாம். இயலுமானால் விதையை முதலில் ஹெக்சேனில் ஊறவைத்து எண்ணெயைத் தனியே பிரித்துவிட்டு, எஞ்சிய சக்கையை மெத்தனாலில் ஊறவையுங்கள். இரண்டையும் தனித்தனியே சோதியுங்கள்.

அடுத்து, சாறு எடுத்த முறையைச் சந்தேகியுங்கள். கருஞ்சீரகத்தின் முதன்மையான பொருள் என்று கருதப்படும் தைமோகுவினோன் ஆவியாகக் கூடியது, ஒளியில் சிதையக் கூடியது. சாக்ஸ்லெட் என்ற சாறெடுக்கும் கருவியில் எட்டு மணி நேரம் கொதிக்கவிட்டு, பிறகு திறந்த கண்ணாடித் தட்டில் வெயில்படும் சன்னலோரம் உலர்த்தினால், கையில் மிஞ்சுவது அது போன பின் எஞ்சிய பிசின். குளிர்ந்த கரைப்பானில் ஊறவைத்து, குறைந்த அழுத்தத்தில் 40 °செ.-க்குக் கீழே ஆவியாக்கி, பழுப்பு நிறப் புட்டியில் அடைத்து உறைகுளிரில் வையுங்கள்.

முருங்கை விதையிலும் பப்பாளி விதையிலும் கதை நேர்மாறானது. அவற்றில் பாக்டீரியாவை எதிர்க்கும் ஐசோதயோசயனேட்டுகள் முழு விதையில் இருப்பதில்லை. குளூக்கோசினோலேட் என்ற பொருளாகவே இருக்கின்றன. விதை நொறுங்கி ஈரம் பட்டதும் மைரோசினேஸ் என்ற நொதி அதை உடைத்து ஐசோதயோசயனேட்டை உண்டாக்குகிறது. கடுகை முழுதாக வாயில் போட்டால் காரம் இல்லை, நீர் விட்டு அரைத்தால் மூக்கில் ஏறுகிறது என்பதை அறிந்த எவருக்கும் இது புதிதன்று. பொடியை நேராகக் கொதிநீரிலோ மெத்தனாலிலோ போட்டால் நொதி செத்துவிடும். காரம் பிறக்கவே பிறக்காது. அறைவெப்ப நீரில் பொடியைக் குழைத்து ஒரு மணி நேரம் மூடி வைத்துவிட்டு, அதன் பிறகே கரைப்பானைச் சேர்க்க வேண்டும். ஒரே விதையைப் பற்றி ஒருவர் செயல் உண்டு என்றும் மற்றவர் இல்லை என்றும் எழுதுவதன் பின்னணியில் இந்த ஒரு மணி நேரம் இருப்பது உண்டு.

மூன்றாவதாக, கரைந்திருக்கிறதா என்று பாருங்கள். டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் தெளிவாக இருந்த சாறு நீர் ஊடகத்தில் விழுந்த கணத்தில் திரிந்துவிடுவது வழக்கம். குழியின் அடியில் பழுப்பு வண்டல் இருந்தால், நீங்கள் எழுதி வைத்த அளவு வண்டலில் இருக்கிறதே தவிர நீரில் இல்லை. டி.எம்.எஸ்.ஓ. 18.5 °செ.-இலேயே உறையும் என்பதையும், உறைந்து உருகும்போது சாறு சீராகக் கலக்காமல் அடியில் தங்கலாம் என்பதையும் குளிர்பெட்டியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் நினைவில் கொள்ளுங்கள். இளஞ்சூட்டில் முழுக்க உருக்கி, நன்றாகச் சுழற்றிய பிறகே பிப்பெட்டை நுழையுங்கள்.

இவை மூன்றும் சரியாக இருந்தும் ஒன்றும் தென்படவில்லையானால் அந்தச் சாற்றில் அந்தக் கிருமிக்கு எதிரான செயல் இல்லை. அதையும் எண்ணோடு எழுதுங்கள், அதுவும் முடிவுதான்.

அறிகுறி: கரைப்பான் மட்டும் உள்ள குழியிலும் வளையம்

மெத்தனாலோ எத்தனாலோ முழுமையாக ஆவியாகவில்லை, அல்லது டி.எம்.எஸ்.ஓ. அளவு மிகுந்துவிட்டது. டிஸ்க் முறையானால் சாறு ஏற்றிய டிஸ்க்கை முற்றிலும் உலர்த்திய பிறகே வையுங்கள். திரவ ஊடகத்தில் டி.எம்.எஸ்.ஓ.வின் இறுதி அளவை 1 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். எல்லாக் குழிகளிலும் அது ஒரே அளவாக இருக்கட்டும். கரைப்பான் வளையத்தைச் சாற்றின் வளையத்திலிருந்து கழித்து எழுதும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அது தவறு, வளையத்தின் விட்டம் அளவோடு நேர்க்கோட்டில் கூடுவதில்லை.

அறிகுறி: எல்லாக் கிருமிகளின் மீதும் பெரிய, அழகான வளையம்

கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ், சூடோமோனாஸ், கேன்டிடா என்று வைத்ததையெல்லாம் வெல்லும் சாறு கிடைத்தால் இனிப்பு வாங்குவதைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள்.

விதைச் சாறுகளின் வரலாற்றிலேயே இதற்குப் பெரிய பாடம் இருக்கிறது. கிரேப்ஃப்ரூட் என்னும் பெரிய எலுமிச்சை வகையின் விதைச் சாறு இயற்கைக் கிருமிநாசினி என்ற பெயரில் பல நாடுகளில் விற்கப்பட்டது. சோதித்தவர்கள் பலரும் வியக்கத்தக்க செயலைக் கண்டார்கள். 1999-இல் ஜெர்மனியில் ஆறு வணிகச் சாறுகளைப் பிரித்துப் பார்த்தபோது, கிருமியை எதிர்த்த ஐந்திலும் பென்செத்தோனியம் குளோரைடு என்ற செயற்கைப் பாதுகாப்புப் பொருள் இருந்தது. சிலவற்றில் டிரைக்ளோசானும் மெத்தில் பாரபெனும்கூட இருந்தன. அப்படிப்பட்ட பொருள் எதுவும் இல்லாத ஆறாவது சாறு எந்தக் கிருமியையும் எதிர்க்கவில்லை. பின்னர் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்களும் வணிகச் சாறுகளில் இதே வகைப் பொருள்களைக் கண்டார்கள். சோதனை செய்தவர்களின் கைகளில் பிழை இல்லை. சோதனைக்கு உட்பட்ட பொருள்தான் விதையாக இல்லை. கடையில் வாங்கிய சாறு, எண்ணெய், மாத்திரை எதையும் வைத்து விதையின் செயலைப் பேசாதீர்கள். அடையாளம் உறுதி செய்த விதையிலிருந்து நீங்களே எடுங்கள்.

நீங்களே எடுத்த சாறுதான் என்றால், முதலில் பி.எச். தாளை எடுங்கள். நாவல் கொட்டையின் நீர்ச்சாறு கேலிக் அமிலம் போன்றவற்றால் புளிப்பேறியது. சாறு சேர்த்த ஊடகத்தின் பி.எச். 5-க்குக் கீழே இறங்கிவிட்டால் பல பாக்டீரியாக்கள் அந்தப் புளிப்பிலேயே வளராமல் நின்றுவிடும். அதே பி.எச்.-க்கு வெறும் அமிலத்தால் இறக்கிய ஒரு குழியையும், காரம் சேர்த்து 7.3-க்கு உயர்த்திய சாற்றின் குழியையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டாவதில் வளையம் மறைந்தால் நீங்கள் சோதித்தது புளிப்பை மட்டுமே.

அடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடு. பாலிஃபீனால்கள், குறிப்பாகக் கேலிக் அமிலம் சார்ந்தவை, வளர்ப்பு ஊடகத்தின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து பெராக்சைடை உண்டாக்கும். கிருமியைத் தடுப்பது அந்தப் பெராக்சைடாக இருக்கலாம். உடலுக்குள் அதே நிகழ்வு நடக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஊடகத்தில் கேட்டலேஸ் நொதி சேர்த்த இணைக்குழி ஒன்று போதும். அதில் செயல் குறைந்தால் காரணம் புலப்பட்டுவிடும். இந்த ஒரு குழியை வைக்கும் ஆய்வேடுகள் அரிது என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

குழி முறையில் இன்னொரு எளிய கோளாறு உண்டு. 6 மி.மீ. துளைப்பானால் அகாரை வெட்டி எடுக்கும்போது குழியின் அடிப்பகுதி பிளேட்டிலிருந்து பிரிந்துவிட்டால், ஊற்றிய சாறு அகாருக்கு அடியில் ஓடிப் பரவும். வளையம் வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் நீண்டோ, பக்கத்துக் குழியோடு கைகோத்தோ இருந்தால் பிளேட்டைத் திருப்பி அடியில் பாருங்கள். ஒவ்வொரு குழியின் அடியிலும் உருகிய அகாரை ஒரு துளி விட்டு அடைத்த பிறகு சாறு ஊற்றினால் இது தீரும்.

அறிகுறி: கிராம் பாசிட்டிவ் அடங்குகிறது, கிராம் நெகட்டிவ் அசையவில்லை

இது பெரும்பாலும் கோளாறு அன்று. ஈ.கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களுக்கு வெளிப்புறத்தில் இன்னொரு சவ்வு இருக்கிறது; அதையும் கடந்து உள்ளே வரும் பொருளை ஏ.சி.ஆர்.ஏ.பி.-டோல்சி போன்ற பம்ப்புகள் திரும்ப வெளியே தள்ளிவிடுகின்றன. இந்தப் பம்ப்புகளை முடக்கினால் பல தாவரப் பொருள்களின் செயல் கிராம் நெகட்டிவ்களின் மீதும் பெரிதும் உயர்வதை 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. உங்களுக்கு டோல்சி மரபணு நீக்கிய ஈ.கோலை கிடைக்குமானால் அதையும் சேர்த்துச் சோதியுங்கள். அது அடங்கி, இயல்பான ஈ.கோலை அடங்காவிட்டால், சாற்றில் சரக்கு இருக்கிறது, உள்ளே தங்கவிடாமல் கிருமி வெளியேற்றுகிறது என்று துணிந்து எழுதலாம். கிராம் நெகட்டிவ் அடங்க வேண்டும் என்பதற்காகச் சாற்றின் அளவை மி.லி.க்கு 50 மி.கி., 100 மி.கி. என்று ஏற்றிக்கொண்டே போவதில் பொருளில்லை.

அறிகுறி: வளையத்தின் ஓரம் மங்கல், அல்லது உள்ளே சிறு காலனிகள்

ஓரம் படிப்படியாகத் தேய்ந்தால், சாறு கிருமியைக் கொல்லாமல் வளர்ச்சியை மட்டும் மந்தப்படுத்துகிறது என்று கொள்ளலாம். வளையத்துக்குள் ஊசியால் தொட்டுப் புதிய அகாரில் கோடிட்டுப் பாருங்கள். உள்ளே தனித்தனிக் காலனிகள் தெரிந்தால் அவற்றை எடுத்து, கிராம் சாயமேற்றி, வேறு கிருமி கலந்ததா, அதே கிருமியில் சாற்றுக்குத் தப்பிய வகையா என்று பிரித்தறியுங்கள். விதையோடு வந்த பேசில்லஸாக இருப்பதற்கும் நல்ல வாய்ப்பு உண்டு. புரோட்டியஸ் என்றால் வளையத்துக்குள் மெல்லிய படலமாக ஊர்ந்து வருவது அதன் இயல்பு. அந்தப் படலத்தைக் கணக்கில் கொள்ளாமல் தெளிவான எல்லையை அளக்க வேண்டும்.

அறிகுறி: மைக்ரோபிளேட்டில் நிறமும் கலங்கலும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன

இங்குதான் விதைச் சாறு தன் முழுக் குறும்பையும் காட்டும்.

வளர்ச்சியைக் காட்ட ரெசசூரின் என்ற நீலச் சாயம் சேர்க்கிறோம். உயிருள்ள பாக்டீரியா நீலத்தை இளஞ்சிவப்பாக்கும். ஆனால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள் நிறைந்த சாறு, பாக்டீரியாவே இல்லாமல் தானே அந்த நிறத்தை மாற்றிவிடலாம். எம்.டி.டி. சாயத்திலும் இதே தொல்லை உண்டு. ஆகவே ஒவ்வொரு நீர்த்தலிலும் சாறும் ஊடகமும் மட்டும் கொண்ட, பாக்டீரியா இல்லாத ஒரு வரிசை கட்டாயம் வேண்டும். 1998-இல் தென்னாப்பிரிக்காவின் எலாஃப், தாவரச் சாறுகளுக்கென்றே ஐ.என்.டி. சாயத்தைக் கொண்டு மைக்ரோபிளேட் முறையை விவரித்தார். அதில் உயிருள்ள கிருமி சிவப்பு நிறம் தரும். கரும்பழுப்புச் சாறுகளில் நீலத்தைக் காட்டிலும் சிவப்பைப் பிரித்தறிவது எளிதென்பது என் கண்ணின் தீர்ப்பு.

சாயம் வேண்டாம், 600 நானோமீட்டரில் கலங்கலையே அளப்போம் என்றால் முருங்கை விதை குறுக்கே வந்து நிற்கும். கலங்கிய நீரைத் தெளிய வைக்கப் பயன்படும் அதே நேர்மின்னூட்டப் புரதம் பாக்டீரியாக்களையும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக்கி அடியில் தள்ளிவிடும். மேலே நீர் பளிங்குபோல் தெளிந்திருக்க, அடியில் உயிருள்ள கிருமிகள் குவிந்து கிடக்கலாம். அந்தப் புரதத்துக்குப் பாக்டீரியாவைக் கொல்லும் திறனும் ஓரளவு உண்டென்று அறியப்பட்டிருப்பதால் குழப்பம் கூடுகிறது. தெளிவாகத் தெரியும் ஒவ்வொரு குழியையும் பிப்பெட்டால் நன்றாகக் கலக்கி, 10 மைக்ரோலிட்டரை அகாரில் இட்டு உயிருள்ளவற்றை எண்ணுங்கள். தொடக்க எண்ணிக்கையிலிருந்து 99.9 சதவீதம் குறைந்திருந்தால் கொன்றது என்று சொல்லலாம். குறையாவிட்டால் அது வெறும் வண்டல். கட்டியாகிப் போன கிருமிகள் ஒரே காலனியாக முளைத்து எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும் என்பதால் கலக்குவதில் சோம்பல் கூடாது.

கருஞ்சீரகத்துக்கு உரிய தொல்லை வேறு. தைமோகுவினோன் ஆவியாகி மூடியின் கீழே பரவி, பக்கத்துக் குழிகளில் உள்ள பாக்டீரியாவையும் தடுக்கும். அளவு மிகுந்த குழிகளுக்கு அண்டையில் உள்ள, சாறே இல்லாத வளர்ச்சிக் குழி தெளிந்திருந்தால் இதைச் சந்தேகியுங்கள். குழிகளை ஒட்டு ஏட்டால் தனித்தனியே மூடுங்கள், வளர்ச்சிக் குழிகளை வேறு பிளேட்டுக்கு மாற்றுங்கள். விளிம்புக் குழிகள் மட்டும் வேறுபட்டால் அது நீர் ஆவியாவதன் விளைவு. ஈரத்துணி வைத்த பெட்டிக்குள் பிளேட்டை வைத்தால் சரியாகும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, குழியில் பாக்டீரியாவின் இறுதி அடர்த்தி மி.லி.க்கு 5 லட்சம் என்பதை ஒருமுறையேனும் எண்ணிச் சரிபார்த்திருக்க வேண்டும். 0.5 மெக்ஃபார்லண்ட் கலங்கலை நீர்க்காமல் அப்படியே ஊற்றியவர்களுக்கு எந்தச் சாறும் வேலை செய்வதில்லை.

அறிகுறி: சாறு மட்டும் வைத்த குழியில் ஏதோ வளர்கிறது

விதை மண்ணிலிருந்தும் சாக்கிலிருந்தும் வருகிறது. பேசில்லஸ் ஸ்போர்கள் அதன் கூடவே வருகின்றன. நீர்ச்சாற்றை 0.22 மைக்ரோமீட்டர் வடிப்பானில் வடித்தாக வேண்டும். ஆட்டோகிளேவில் வைப்பது எளிது என்றாலும், வெப்பத்தில் சிதையும் பொருளைத் தேடும்போது அது தேடலையே முடித்துவிடும். டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்த சாற்றுக்கு நைலான் அல்லது பி.டி.எஃப்.இ. சவ்வையே பயன்படுத்துங்கள். அவசரத்தில் கையில் கிடைத்த செல்லுலோஸ் நைட்ரேட் வடிப்பானில் நான் ஒருமுறை டி.எம்.எஸ்.ஓ. சாற்றை அழுத்தினேன். வழக்கத்துக்கு மாறாக வெண்ணெய் போல இறங்கியதில் மகிழ்ந்து, ஒரு வாரம் கழித்து மூன்று பிளேட்டுகள் முழுக்கக் கலங்கிய பிறகுதான் இறங்கியது சாறு மட்டுமல்ல, கரைந்த சவ்வும் என்று புரிந்தது.

அறிகுறி: முதல் தொகுதி வேலை செய்தது, இரண்டாவது செய்யவில்லை

முதலில் விதை அதே விதையா என்று பாருங்கள். கருஞ்சீரகம் என்ற பெயரில் வெங்காய விதை கலந்து வருவது உண்டு. இரண்டும் கறுப்பு, இரண்டும் கோணலானவை, பொடித்த பிறகு கண்ணால் பிரிக்க இயலாது. பொடிக்கும் முன்பே அடையாளம் உறுதி செய்யுங்கள். கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென் மண்டல மையம் போன்ற இடத்தில் செடியின் மாதிரியைக் காட்டிச் சான்று பெற்று, அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கலாம்.

அடுத்து ஈரம். மழைக்காலத்தில் வாங்கிச் சரியாக உலராமல் அடைத்த விதையில் பூஞ்சை பிடித்திருந்தால், கிருமியைத் தடுத்தது விதையா பூஞ்சையின் சுரப்பா என்று சொல்ல முடியாது. அப்படியானால் தவறியது இரண்டாவது தொகுதி அன்று, முதல் தொகுதி. ஒவ்வொரு தொகுதியிலும் கைப்பிடி அளவு விதையைப் பொடிக்காமல் காற்றுப் புகாத புட்டியில் எடுத்து வைத்தால் இந்தச் சண்டையைப் பின்னர் தீர்க்கலாம். விதை ஒன்றே என்று உறுதியானால் கிடைத்த சாற்றின் எடையை ஒப்பிடுங்கள். 100 கிராம் விதைக்குக் கிடைக்கும் சாற்றின் எடை இரு தொகுதிகளிலும் பெரிதும் வேறுபட்டால் எண்ணெய் நீக்குவதிலோ உலர்த்துவதிலோ வேறுபாடு நேர்ந்திருக்கிறது.

அறிகுறி: சாறும் ஆண்டிபயாட்டிக்கும் சேர்ந்து எதிர்ப்புத்திறனை முறியடித்ததுபோல் தெரிகிறது

இரண்டையும் வெவ்வேறு அளவுகளில் கட்டங்கட்டமாகக் கலந்து பார்க்கும் செக்கர்போர்டு முறையில், ஒவ்வொன்றும் சேர்க்கையில் தேவைப்பட்ட அளவைத் தனியே தேவைப்படும் அளவால் வகுத்து, அந்த இரண்டு பங்குகளையும் கூட்டிய குறியீடு 0.5 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால்தான் கூட்டுவலிமை. 4-ஐத் தாண்டினால் எதிர்விளைவு. இடையில் உள்ளது கூட்டுவலிமையும் அன்று, எதிர்விளைவும் அன்று. நீர்த்தல் முறையில் ஒரு படி மேலோ கீழோ விலகுவது இயல்பு என்பதால், ஒரே பிளேட்டில் வந்த 0.5 எதையும் நிறுவாது. மூன்று தனித்தனி நாள்களில் திரும்ப வர வேண்டும்.

விதைகளுக்கே உரிய ஒரு பொறி இங்கே இருக்கிறது. விதைகளில் ஃபைட்டிக் அமிலம் மிகுதி. அது துத்தநாகம், கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றைப் பற்றிக்கொள்ளும். என்.டி.எம். போன்ற நொதிகள் துத்தநாகம் இல்லாமல் கார்பபெனிம் மருந்தை உடைக்க இயலாதவை, உலோகங்களைப் பற்றிக்கொள்ளும் இ.டி.டி.ஏ. கொண்டு அவற்றைக் கண்டறியும் ஆய்வகச் சோதனை இதை நம்பியே நடக்கிறது. ஆகவே கார்பபெனிம் வகையைச் சேர்ந்த மெரோபெனிமுக்கு அடங்காத என்.டி.எம். கிருமி சாற்றோடு சேர்த்தால் அடங்குகிறது என்றால், அதே குழியில் சிறிதளவு துத்தநாக சல்பேட் சேர்த்துத் திரும்பச் செய்யுங்கள். எதிர்ப்பு மீண்டுவிட்டால் சாறு செய்தது இ.டி.டி.ஏ. செய்யும் வேலையே. நேர்மாறாக, சாறு சேர்த்ததும் ஜென்டாமைசினின் செயல் குறைந்தால் மீண்டும் பி.எச். தாளை எடுங்கள், அமினோகிளைகோசைடுகள் புளிப்பில் வலுவிழப்பவை.

எண்களை எழுதும்போது, 10 மி.கி. சாறு தந்த 20 மி.மீ. வளையத்தை 10 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் தந்த 20 மி.மீ. வளையத்துக்குச் சமம் என்று எழுதாதீர்கள். அளவில் ஆயிரம் மடங்கு வேறுபாடு இருக்கிறது, பரவும் வேகமும் வேறு. வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவான எம்.ஐ.சி. எண்ணை மி.லி.க்கு மைக்ரோகிராமில் கொடுங்கள். சாற்றை மி.லி.க்கு 1 மி.கி.க்கு மேலும் தனிச் சேர்மத்தை 0.1 மி.கி.க்கு மேலும் சோதிப்பதைத் தவிர்க்குமாறு ரியோஸ், ரெசியோ ஆகியோர் 2005-இல் எழுதிய மதிப்பாய்வு கேட்டுக்கொண்டது. அந்த எல்லைக்கு மேல்தான் உங்கள் சாறு வேலை செய்கிறது என்றால், அந்த எண்ணை மறைக்காமல் எழுதி, ஹெக்சேன் பகுதியையும் மெத்தனால் பகுதியையும் பிரித்து, வீரியம் எதில் செறிகிறது என்று அடுத்த பிளேட்டைத் தொடங்குங்கள்.